நிறுத்தி வைத்த மாத்திரை

விடிந்து வெயில் ஏறுவதற்குள் வேடியப்பன் மூன்றாவது தடவையாகக் கரும்புக் கொல்லைப் பக்கம் போனான். கையில் சொம்பு. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தவன் போல, வந்த அவசரத்தை அடக்கிக்கொண்டு நடந்தான். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்த மணிமொழிக்குத் துடுப்பைப் பிடித்த கை நின்றுபோயிற்று.

வேறு வீடாக இருந்தால் இதற்கெல்லாம் யாரும் பயப்பட மாட்டார்கள். ராத்திரி தின்ற மொச்சை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சுக்கு தட்டிப்போட்டுக் கஷாயம் வைப்பார்கள். மணிமொழிக்கு மட்டும் அப்படி நினைக்க முடியவில்லை. "அதுவா இருக்காது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகு பயம் கூடத்தான் செய்தது.

அவர்களுக்குக் கல்யாணமான மறு வருசம் அந்த நோய் அவனைப் பிடித்தது. வேடியப்பன் அவளுக்கு அத்தை மகன். பரிகம் என்ற ஊருக்குப் பக்கத்தில் மலையடிவாரத்துச் சிற்றூர். கோமுகி ஆற்றுத் தண்ணீர் பாயும் கொஞ்சம் நிலம். ஏர் பிடித்தால் மாடு களைக்கும், அவன் களைக்கமாட்டான். அப்படிப்பட்டவன் ஒரே கோடையில் விறகுக் கட்டை மாதிரி ஆகிவிட்டான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போவான். போவதெல்லாம் சளியும் ரத்தமும். மந்திரித்தார்கள், மலையிலிருந்து பட்டை கொண்டுவந்து இடித்துக் கொடுத்தார்கள், கள்ளக்குறிச்சியில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடல் முழுக்கப் புண் என்றார்கள். ஏன் வருகிறது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. தொற்றாது, முழுசாகப் போகவும் போகாது, மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும் என்றார்கள்.

மஞ்சளாகப் பெரிய மாத்திரை. வேளைக்கு இரண்டு. அதைப் போட ஆரம்பித்து மூன்றே மாதத்தில் அவன் பழைய வேடியப்பன் ஆனான். நோயாகக் கிடந்த நாளில் அவனுக்கு மீசைகூடச் சோர்ந்துபோய், பெண்டாட்டி பக்கம் திரும்பிப் படுக்கவே நாட்டமில்லாமல் இருந்தது. அதுவும் மாறிற்று. இனி ஒரு குறையும் இல்லை என்றுதான் மணிமொழி நினைத்தாள்.

ஆனால் பிள்ளை உண்டாகவில்லை. ஒரு வருசம், இரண்டு வருசம். மாமியார் தைலம்மாள் முதலில் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டாள். அப்புறம் மருமகளைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டாள். அப்புறம் மணலூர்பேட்டையில் ஒரு பெண் இருப்பதாகச் சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். சித்திரையில் மாத்திரை வாங்கப் போன இடத்தில் மணிமொழிதான் துணிந்து டாக்டரிடம் கேட்டாள். இரண்டு பேரையும் சோதித்தார்கள். அவளிடம் குறை இல்லை.

டாக்டர் வேடியப்பனைப் பார்த்துத்தான் சொன்னார். "உங்க நோய் முத்தி இருந்தப்ப உடம்பே காய்ஞ்சு போச்சு. குடல் சத்தை வாங்கலைன்னா ஆண்மைக்கான சுரப்பும் குறைஞ்சு போகும். மாத்திரை அதைச் சரி பண்ணிடுச்சு. ஆனா இந்த மாத்திரையே விந்துல இருக்கிற உயிரணுவைக் குறைச்சிடும். நிறுத்தினா ரெண்டு மூணு மாசத்துல திரும்பி வந்துடும்."

"அப்ப நிறுத்திடறேங்க."

"நிறுத்தினா நோயும் திரும்பி வரலாம். வராமலும் இருக்கலாம். அவசரப்படாதீங்க. யோசிச்சு, ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்க. நிறுத்திட்டுப் பார்க்கிறதுன்னா, ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் அன்னைக்கே இங்க வந்துடணும்."

வேடியப்பன் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் வரும்போதே மாத்திரைப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்துவிட்டான். "நீ வச்சிக்க. புள்ள நின்னதும் குடு."

"வாணாம் மாமா. எனக்குப் பயமா இருக்குது."

"எனக்குந்தான் பயம். அதுக்காவ உன்ன ஊர் பேசுறதக் கேட்டுக்கினு இருக்கச் சொல்றியா?"

தன் ஆம்பளத்தனத்தில் குறை என்பதை அம்மாவுக்கும் தம்பிக்கும் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். அவள் ஒப்புக்கொண்டாள். பொட்டலத்தை அரிசிக் குதிருக்குப் பின்னால் வைத்தாள். அன்றிலிருந்து அவன் எழுந்து போகும் ஒவ்வொரு தடவையும் அவள் காது பின்கட்டுக் கதவிலேயே இருந்தது.

ஆனி மாதம் அவளுக்கு நாள் தள்ளிற்று. ஓடிப்போய்ச் சொன்னாள். அவன் அவளைத் தூக்கிச் சுற்றினான். மாத்திரையைக் கேட்டு வாங்கினான். அன்று சாயங்காலமே அவளுக்கு வயிறு வலித்து எல்லாம் கலைந்து வந்துவிட்டது. வேடியப்பன் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தான். அப்போது அவன் முகம் போன போக்கை இன்னொரு முறை பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. அதனால் ஆவணியில் மறுபடி நாள் தள்ளியபோது அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதமும் வராமல் இருக்கட்டும், உறுதியானதும் சொல்லலாம் என்று இருந்தாள்.

அது எண்பத்தேழாம் வருசம், புரட்டாசிப் பிறப்பு. இடஒதுக்கீட்டில் இருபது சதவீதம் கேட்டுச் சாதிச் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் அறிவித்திருந்தது. புளிய மரங்களையும் வேப்ப மரங்களையும் வெட்டி ரோட்டில் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. விழுப்புரம் பக்கம் சுட்டுவிட்டார்கள், இத்தனை பேர் செத்தார்கள் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். வேடியப்பனின் தம்பி பழனி கோடரியோடு போனவன்; கச்சிராயபாளையம் ரோட்டிலேயே கிடந்தான். தைலம்மாள் அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். வீட்டில் இவர்கள் இருவர்தான்.

மூன்றாவது தடவை போனவன் திரும்பி வரவில்லை.

மணிமொழி களிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு நடந்தாள், அப்புறம் ஓடினாள். வாய்க்கால் ஓரம் சொம்பு கவிழ்ந்து கிடந்தது. கரும்பு வரிசைக்கு நடுவில் வேடியப்பன் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தான். வேட்டியின் பின்புறம் சிவப்பாக நனைந்திருந்தது. உதடு சாம்பல் பூத்திருந்தது.

"மாமா! எப்போலேர்ந்து மாமா?"

"பத்து நாளு இருக்கும்," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "கொஞ்சமாத்தான் வந்துக்கினு இருந்துச்சு. வாய்க்கால்லயே தொவைச்சிட்டு வந்துடுவேன். இன்னிக்குத்தான் நிக்கவே மாட்டேங்குது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ மாத்திரையக் கையில குடுத்துடுவ. இன்னும் ஒரு மாசம் தாங்கிடலாம்னு பாத்தேன்."

மணிமொழி நாளைக் கணக்குப் போட்டாள். பத்து நாள். அவளுக்கு நாள் தள்ளி அதற்கும் மேல் ஆகிவிட்டது. அவள் வாயைத் திறந்திருந்தால் இவன் மாத்திரை போட்டிருப்பான். இந்த ரத்தம் வந்தே இருக்காது. அதை அப்போது அவள் சொல்லவில்லை. அவன் தோளைத் தூக்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு இழுத்தாள். வழியில் வீட்டுக்குள் நுழைந்து, ஒரு போர்வையையும் மாத்திரைப் பொட்டலத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ரோட்டில் ஒரு ஜீப் நின்றிருந்தது. வெள்ளிமலையிலிருந்து ஆள் ஏற்றி இறக்கும் பெரியண்ணனுடையது. மலைக்காரர், மறியல் என்று தெரியாமல் இஞ்சி மூட்டையோடு இறங்கி வந்துவிட்டு, மேலே போவதா கீழே போவதா என்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வேடியப்பனைப் பார்த்ததும் பீடியைப் போட்டுவிட்டார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"வயித்து நோவுண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போவணும். உயிர் போயிடும்ணா."

"ரோட்ல வுட மாட்டாங்களேம்மா. கண்ணாடிய ஒடைப்பானுங்க." சொல்லிக்கொண்டே அவர் இஞ்சி மூட்டைகளைக் கீழே தள்ளினார். "ஏத்து. வாய்க்கா கரையிலயே போயிப் பாக்கலாம்."

வாய்க்கால் கரை முடியும்வரை போனார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் வேடியப்பன் பல்லைக் கடித்தான். அவன் தலை அவள் மடியில் இருந்தது. போர்வையில் ஈரம் பரவிக்கொண்டே வந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். கரை கச்சிராயபாளையத்துக்கு அப்பால் ரோட்டில் போய் ஏறுகிறது. ஏறிய இடத்திலேயே ஒரு பெரிய புளிய மரம் வேரோடு கிளையோடு குறுக்கே கிடந்தது. அதன்மேலும் பக்கத்திலும் நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள்.

ஜீப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான். "டேய், ரத்தம்டா! நம்ம வேடியப்பன்டா! போலீஸு அடிச்சிட்டான்டா!"

அவ்வளவுதான். அந்தச் சொல் காய்ந்த சருகில் விழுந்த நெருப்பு மாதிரி பரவிற்று. எங்கே அடித்தார்கள், யார் அடித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கல் எடுத்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் நின்ற போலீஸ் வேனை நோக்கிக் கூட்டம் அசைய ஆரம்பித்தது. இவர்கள் போய் அடித்தால் அவர்கள் சுடுவார்கள். சுட்டால் இன்றைக்கு இந்த ரோட்டில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதில்லை.

மணிமொழி ஜீப்பில் எழுந்து நின்றாள். "யாரும் அடிக்கல! யாரும் அடிக்கலங்க! அவருக்குக் குடல்ல புண்ணு. வெளிக்கிப் போற எடத்துல ரத்தம் போவுது!"

"பயந்துக்கினு பொய் சொல்லாதம்மா," என்றார் ஒரு பெரியவர். "நாங்க இருக்கிறோம். எவன்னு சொல்லு."

"பொய் இல்லங்க! மூணு வருசமா இருக்கிற நோவு. மாத்திரை போட்டுக்கினு இருந்தாரு. அந்த மாத்திரை போட்டா புள்ள பொறக்காதுன்னு டாக்டரு சொன்னாரு. புள்ளைக்காவ நிறுத்திட்டாரு." பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "தோ, இதான். அவருக்குப் புள்ள வேணும்னு இதப் போடாம வுட்டுத்தான் இப்படி ஆச்சு. எம்மேல குறை இல்ல, அவரு மேலயும் குறை இல்ல, இந்த மாத்திரதான். போதுமா? வழி வுடுங்க!"

இவ்வளவையும் அவள் நூறு ஆண்களுக்கு நடுவில் சொன்னாள். கல் வைத்திருந்த கைகள் தொங்கின. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பழனி வந்தான். அவன் கையில் கோடரி இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணி, எனக்குக் கூடத் தெரியாதே."

"இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல. தூக்கு."

ஜீப் மரத்தைத் தாண்டாது. எங்கிருந்தோ ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. பழனியும் வேறு மூன்று பேரும் வேடியப்பனை அதில் போட்டுத் தலைக்கு மேலே தூக்கிக் கிளைகளுக்கு நடுவே இறங்கினார்கள். மணிமொழி சேலையைக் கிளை கிழிக்கக் கிழிக்கப் பின்னால் போனாள்.

அந்தப் பக்கம் தடியோடு போலீஸ் நின்றிருந்தது. நான்கு மறியல்காரர்கள் ரத்தம் ஒழுகும் ஒருவனைத் தூக்கி வருவதைப் பார்த்ததும் ஓடி வந்து வளைத்துக்கொண்டார்கள்.

"எந்த மரம் வெட்டும்போது விழுந்தான்? எங்க கலாட்டா?" என்றார் அவர்களில் அதிகாரியாக இருந்தவர்.

மணிமொழி மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அவர் நம்பவில்லை. போர்வையை விலக்கக் கை நீட்டினார். அந்த நேரம் வேடியப்பனுக்கு வயிறு முறுக்கிக்கொண்டு, கட்டில் கயிற்றின் வழியாக எல்லாம் கீழே போயிற்று. அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். அப்புறம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேன் டிரைவரைக் கூப்பிட்டார்.

தூக்கி வந்தவர்களில் மூன்று பேர் மரத்தடிக்கு ஓடிவிட்டார்கள். பழனி ஓடவில்லை, அண்ணனை வேனுக்குள் ஏற்றிவிடும்வரை கட்டில் காலை விடாமல் பிடித்திருந்தான். ஏற்றி முடித்ததும் போலீஸ்காரர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வேன் கிளம்பிற்று. ஜன்னலுக்குக் கம்பி வலை. எதிரில் துப்பாக்கியோடு இரண்டு பேர். வேனில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் வீடு திரும்பவில்லை என்று அந்த வாரம் ஊரெல்லாம் பேச்சு. வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறதா ஸ்டேஷனுக்குப் போகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயம். வேடியப்பனின் கை ஜில்லென்று இருந்தது. அவன் இனிக் கண் திறப்பானோ மாட்டானோ என்ற பயத்தில்தான் அவள் குனிந்து அவன் காதில் சொன்னாள்.

"மாமா. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குது."

அவன் கண் திறந்தது. "எப்போலேர்ந்து?"

"உனக்கு ரத்தம் வர்றதுக்கு முன்னயே. ஆனி மாசம் மாதிரி ஆயிடுமோன்னு சொல்லாம இருந்துட்டேன்."

திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. "நீயும் சொல்லல, நானும் சொல்லல," என்றான். உதட்டில் ஒரு மாதிரி சிரிப்பு வந்து, உடனே வலியில் கோணிற்று. "மணி, அத பத்திரமா பாத்துக்க."

"இப்படிப் பேசாத மாமா. ரெண்டு பேரும் பாக்கலாம்."

வேன் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிற்று. கள்ளக்குறிச்சியில் இருந்த இளவயது லேடி டாக்டர் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். எப்போது நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று கேட்டார். மணிமொழி மூன்றாவது முறையாகச் சொன்னாள். டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, "நல்லவேளை, கையோட கொண்டு வந்தீங்க. இல்லைன்னா சீதபேதின்னு நினைச்சிருப்போம்," என்றார். ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். ரத்தம் ரொம்ப இறங்கிவிட்டது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள்.

அந்த இரண்டு நாளும் அவள் கட்டில் காலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தனக்கு லேசாக இடுப்பு வலித்தால்கூட ஓடிப்போய்ச் சேலையைப் பார்த்தாள். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குப் பயப்படுவது எப்படி என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் தைலம்மாள் வயல்வெளியாகவே நடந்து வந்து சேர்ந்தாள். சோறு கொடுத்துவிட்டு வீடு திரும்பியவளுக்கு ஊரே சொல்லிவிட்டது. மகனைப் பார்த்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பி, பளாரென்று ஒரு அறை விட்டாள்.

"என் புள்ளய சாவக் குடுத்து எனக்குப் பேரப்புள்ள கேட்டனாடி உன்ன?"

"கேட்ட அத்த," என்றாள் மணிமொழி. "தெனம் கேட்ட."

தைலம்மாள் கீழே உட்கார்ந்து, முந்தானையில் முடிந்து வந்த பொரியை மருமகள் கையில் கொட்டினாள்.

மூன்றாம் நாள் ரத்தம் குறைந்தது. ரோடு திறந்ததும் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தான். மறுபடி அதே மாத்திரை. பழைய டாக்டர் கோபப்படவில்லை. "ரத்தம் கண்டா அன்னைக்கே வரச் சொன்னேனே" என்று மட்டும் வருத்தத்தோடு சொன்னார். இன்னொரு தடவை நிறுத்தக் கூடாது என்றார். பழனி ஜெயிலிலிருந்து வந்து அண்ணனைப் பார்த்தபோது, யார் இளைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

மணிமொழி டாக்டரிடம் தனியாக ஒன்று கேட்டாள். "புள்ளைக்கும் இது வருமாங்க?"

"பெரும்பாலும் வராது. வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அந்தப் பதிலைச் சுமந்துகொண்டுதான் அவள் மீதி மாதங்களைக் கழித்தாள். பெரும்பாலும் என்ற சொல்லைப் பகலில் நம்புவாள். படுத்தால் மீதிச் சொல் வந்து நெஞ்சில் உட்காரும்.

சித்திரைக் கடைசியில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. வேடியப்பன் வாசலில் நின்று எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தான். மணிமொழி அசதியில் கண்ணயர்ந்து எழுந்தபோது, குழந்தையைச் சுற்றிய துணி கனமாக இருந்தது. பிரித்தாள். உள்ளே கறுப்பாக, பிசினாக, தார் மாதிரி அப்பியிருந்தது.

அவள் போட்ட கூச்சலில் வார்டே எழுந்துவிட்டது. நர்சம்மா ஓடி வந்தாள். "இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"பாருங்க, குடல்லேர்ந்து வந்திருக்குது! பழைய ரத்தம்! அவங்க அப்பாவுக்கு..."

நர்சம்மா துணியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அடியம்மா, இதுக்கா இந்தக் கத்து? இது காட்டுப்பீ. பொறந்த புள்ள எல்லாம் மொத மொத இப்படித்தான் போவும். போவலன்னாத்தான் பயப்படணும்."

"எல்லாப் புள்ளையுமா?"

"எல்லாப் புள்ளையும். நீயும் போயிருப்ப, உன் புருசனும் போயிருப்பான். புடி, தொடைச்சி வுடு."

மணிமொழி ஈரத்துணியை வாங்கினாள். குழந்தையின் இரண்டு காலையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.